தொங்கு நாற்காலி

ஊஞ்சலும் தூளியும் நம்மவர்க்குப் புதியன அல்ல. பல நிறப் பருத்தி நூலால் பின்னி, ஒரே கொக்கியில் தொங்கவிடும் நாற்காலியும் அவற்றின் உறவினம் போலவே தோன்றும். ஆயினும் அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1492-ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ள மக்கள் வலைபோன்ற பருத்திப் படுக்கைகளில் துயில்வதைக் கண்டார். டாயினோ மக்கள் அதனை ‘ஹமாகா’ என்றனர். ‘ஹாமக்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்ததே. தரையின் ஈரமும் ஊர்வனவும் அணுகாமலும், உடலைச் சுற்றிக் காற்று உலாவவும் வெப்ப நாட்டினர் கண்ட வழி இது.

மெக்ஸிகோ நாட்டின் யுகட்டான் பகுதியில் இக்கைத்தொழில் இன்றும் வாழ்கின்றது. தீஷ்கோகோப் என்னும் ஊர் இதற்குப் பெயர்பெற்றது. இரு மரக்கம்பங்கள் கொண்ட சட்டத்தில் நூலை ஓட்டி, வீட்டிலிருந்தே வலையைப் பின்னுகின்றனர். அத்தகைய வலையையோ துணியையோ ஒரு மரக்கழியில் விரித்துக் கட்டினால் நாற்காலியாகின்றது.

பலகையில் அமர்ந்தால் உடலின் பாரம் சில இடங்களிலேயே அழுந்தும். வலையோ உடலுக்கேற்ப வளைந்து, பாரத்தைப் பல நூல்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. சுகத்திற்குக் காரணம் இதுவே; மெல்லிய நூல் ஓர் ஆளைத் தாங்குவதற்கும் காரணம் இதுவே.

இந்தச் சுகத்தின் விலை யாரைச் சேர்கின்றது? வீட்டிலிருந்து பின்னுவோர் பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர். தம் கைவேலை தொலைநாட்டுக் கடையில் என்ன விலைக்குப் போகின்றது என்பதை அவர்கள் அறிவது அரிது. இக்குறையைக் களைய எழுந்ததே நியாய வணிகம். உழைப்பவருடன் பேசி விலையை முடிவுசெய்தல், கைவினைஞர் வேண்டினால் பாதித் தொகையேனும் வட்டியின்றி முன்பணமாகத் தருதல், குழந்தைகளை வேலைக்கு அமர்த்தாமை ஆகியவை அதன் நெறிகள். 1988-ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் காப்பிக்கு இத்தகைய முத்திரை முதன்முதல் வழங்கப்பட்டது. பின்னர் பருத்திக்கும் வந்தது. ஆனால் ஒன்றை நினைவிற்கொள்க: பருத்திக்குரிய முத்திரை பஞ்சை விளைவித்த உழவரைப் பற்றியதே, பின்னியவரின் கூலிக்கு அது சான்றாகாது. ஆதலின் வாங்குவோர், ‘விளைத்தவர் யார்? பின்னியவர் யார்?’ என இரு கேள்விகளையும் கேட்டல் வேண்டும்.

வாங்கியபின் கவனிக்கவேண்டியது கொக்கி. வெளியூரில் வாடகை வீட்டில் வாழும் நேயர்கள் வீட்டுக்காரரின் இசைவு பெற்று, கான்கிரீட் தளத்திலோ உறுதியான உத்தரத்திலோ அதனைப் பொருத்துதல் நலம். மின்விசிறிக்கென இட்ட கொக்கியும், அழகுக்காக அமைத்த போலிக்கூரையும் இதற்கு ஏற்றவை அல்ல. 60 கிலோ எடையுள்ளவர் அசையாது அமர்ந்தால் கொக்கி அவர் எடையையும் நாற்காலியின் எடையையும் மட்டுமே தாங்கும். வீசி ஆடினாலோ சுமை மிகும். நேர்க்கோட்டிலிருந்து 60 பாகை வரை ஆடினால், கீழே வரும் கணத்தில் அது இருமடங்காகும். கடும் வெயில் நூலையும் நிறத்தையும் கெடுக்கும். உலராத ஈரம் பூஞ்சையை வளர்க்கும். ஆதலின் நிழலே உகந்தது.

கொக்கி உறுதியாயிருந்தால் அமர்பவருக்கு அச்சமில்லை. விலை நேர்மையாயிருந்தால் பின்னியவருக்கும் குறையில்லை. இரண்டும் கூடிய இருக்கையே உண்மையான இளைப்பாறலைத் தரும்.