இரைச்சலின் பிறப்பிடம்

பாட்டியார் பாடும் தாலாட்டை வீட்டுக் கணினியில் பதிவு செய்கின்றோம். திரும்பக் கேட்குங்கால், பாட்டின் அடியில் வண்டு முரல்வது போன்றதோர் ஓசை இடையறாது ஒலிக்கின்றது. பாடும்போது அறையில் அது கேட்கவில்லையே! பின் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. கணினியும் ஒலிக்கலவைக் கருவியும் 'எர்த்' எனப்படும் நில இணைப்பைத் தனித்தனியே பெற்றிருக்க, அவற்றை ஒலிக்கம்பியும் இணைக்குமாயின், ஒரு வளையம் உண்டாகின்றது. அவ்வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே பெரும்பாலும் முரலலாகப் பதிகின்றது.

மடிக்கணினியாயின், மின்னேற்றியைக் கழற்றி, மின்கலத்தால் இயக்கிப் பார்க்க. ஓசை நின்றதா? குற்றம் மின்னிணைப்பின்பாலது. கருவிகளை ஒரே மின்பலகையில் இணைத்தால் அது பெரும்பாலும் நீங்கும். நிற்கவில்லையெனின், கம்பிகளை ஒவ்வொன்றாகவே எடுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே எடுத்தால் குற்றவாளி எதுவென அறியோம்.

எர்த் முனையை ஒடித்துவிட்டால் போதும் என்பாரும் உளர். ஓசை நிற்கலாம், ஆயின் மின்கசிவு நேருங்கால், கருவியைத் தொட்டவர் உயிருக்கே கேடாகும். ஒருபோதும் அது செய்யற்க.

'உஸ்' என்னும் இரைச்சல் வேறு. ஒலிவாங்கியைத் தொலைவில் வைத்து, பெருக்கத்தைக் கூட்டுவதால் வருவது அது. ஒரு சாண் தொலைவில் வைத்தால் அடங்கும். மின்விசிறியை நிறுத்த மறந்தோரும் பலர்!

பதிந்தபின் மென்பொருளால் நீக்கலாகாதோ எனின், முரலல் 100, 150 எனக் குரலின் எல்லைக்குள்ளும் அடுக்கடுக்காய்க் கலந்து நிற்பது. அதனை அகற்றுங்கால் பாட்டியாரின் குரலும் சிறிது தேயும். ஆதலின் அவர் வந்தமருமுன், வெற்றறையை ஒரு நிமிடம் பதிந்து கேட்டுக்கொள்க.