கடிக்கும் குழந்தையை எடை போடுவது எப்படி?

அளவெடுக்கும் ஊர் – 9

சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள கிராமத்துப் பாதைகளில், 1980-களின் தொடக்கத்தில், ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடை போட்டுக் குறித்துக்கொள்ளும் வேலை. உதவிக்கு நன்கு தேர்ந்த ஆய்வாளர் ஒருவர் இருந்தார். ஒரு குழந்தை விஷயத்தில் மட்டும் அவரே கையை விரித்துவிட்டார். கிட்டே வருகிற கையையெல்லாம் அது கடித்தது. பேராசிரியர் தானே போய் அதை எடை போட்டு முடித்தார். அந்தச் சாமர்த்தியத்தில் தனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்று, நோபல் பரிசு பெற்றபின் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்லியிருக்கிறார் அமர்த்தியா சென்.

சுனில் சென்குப்தாவோடு சேர்ந்து அவர் எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரை 1983-ல் வெளிவந்தது. ஒரே வீட்டுச் சோற்றில் வளர்ந்தும் பெண் குழந்தைகள் பின்தங்குவதை எடைக் கணக்கால் காட்டிய கட்டுரை அது. அதைப் படித்தவர்கள் ஏராளம். நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடிக்கும் குழந்தையைத்தான் தேடுகிறேன். அட்டவணையில் எங்கோ ஓர் எண்ணாக அது உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு ‘இந்தக் குழந்தை ஒத்துழைக்கவில்லை’ என்று விட்டிருந்தால் அந்தக் கட்டம் காலி.

கொல்கத்தாவில் நான் பார்க்கும் வேலைக்கு, விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கிற பெயர்: குழந்தைகள் தொடர்பான புள்ளிவிவரம் மற்றும் கண்காணிப்பு வல்லுநர். அலுவலகத்தில் சுருக்கமாக ‘எம் அண்ட் ஈ’ ஆள். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும்போது பழக்கமான மாமி ஒருவர் ஒரு நாள் விசாரித்தார்.

“சென்சஸ் எடுக்கறவரா நீங்க?”

“இல்லை மாமி.”

“டாக்டரா?”

“அதுவும் இல்லை. குழந்தைகள் எவ்வளவு உயரம், என்ன எடை, ஊசி போட்டாச்சா, பள்ளிக்கூடம் போறாங்களா... இதையெல்லாம் கணக்கெடுத்து, அது சரியா இருக்கான்னு பார்ப்போம்.”

“அளந்தா வளர்ந்துடுமோ?”

கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் இன்னும் பாக்கி.

அளப்பதையாவது ஒழுங்காகச் செய்கிறோமா என்பது அடுத்த கேள்வி. இரண்டு வயது ஆகாத குழந்தையைப் படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும். தாண்டியதை நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தை, படுத்தால் நின்றதைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாகக் காட்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். பலகையைத் தரையில் போட்டு, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, காதுகளைப் பொத்தினாற்போல் தலையைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் முட்டியை அழுத்தி, கால்பக்கத்துத் தட்டை உள்ளங்கால் வரை நகர்த்தி, அளவைப் படிப்பார். குழந்தை ஊரைக் கூட்டும். பாட்டி உள்ளிருந்து ஓடிவருவார். இடுப்பில் மாதுலி என்கிற தாயத்து, காலில் கொலுசு, பௌஷ மாதக் குளிரென்றால் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர். எடைக்கு முன் இதையெல்லாம் கழற்றச் சொன்னால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? நம்மூரில் கண்ணு படும் என்பதை இங்கே ‘நொஜொர் லாகா’ என்கிறார்கள். நெற்றியோரத்தில் மைப்பொட்டு வைத்து மறைத்துக் காப்பாற்றிய பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து பலகையில் கிடத்தி உரக்க எண் சொல்கிறான். அந்தப் பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உயரத்தைவிட வயது பெரிய வம்பு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி, 12 மாத ஆண் குழந்தை 71.0 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. 13 மாதம் என்றால் அந்தக் கோடு 72.1-க்கு ஏறிவிடும். 71.5 செ.மீ. உள்ள பையன் 12 மாதமென்று எழுதினால் பிழைத்தான். 13 என்று எழுதினால் ஊட்டக்குறைவுக் கணக்கில் விழுந்தான். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் கவலையில்லை. வெள்ளத்தில் பெட்டியோடு போயிருந்தால்? அதற்குத்தான் ‘சம்பவ நாட்காட்டி’ ஒன்று வைத்திருப்போம். துர்கா பூஜைக்கு முன்பா, பின்பா? போரோ நெல் அறுப்பு முடிந்திருந்ததா? தெற்கு 24 பர்கானாவில் கொஞ்ச காலம் எல்லாக் குழந்தைகளின் வயதும் ஆம்பான் புயலில் போய் முட்டிக்கொண்டது: 2020 மே 20-க்கு முன் பிறந்ததா, பின் பிறந்ததா? நாகப்பட்டினத்தில் சுனாமிக்கு முன், பின் என்று சொல்வார்களே, அதே மாதிரி.

இந்தக் கவலையெல்லாம் கொல்கத்தாவுக்குப் புதிதில்லை. மாதிரி எடுத்து அளக்கும் கலையையே இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் இது. 1931-ல் பிரசிடென்சி கல்லூரி இயற்பியல் துறையின் ஓர் அறையில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பிறகு பராநகரில் பாரக்பூர் டிரங்க் ரோட்டுக்கு வந்தது. நம்மவர்களுக்கும் அங்கே பங்குண்டு. சென்னையிலிருந்து போன எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1963-ல் அங்கேதான் டாக்டர் பட்டம் வாங்கினார். பின்னாளில் 2007-ல் ஏபெல் பரிசு. ஆனால் என் தொழிலுக்குச் சோறு போடுவது மகலனோபிஸின் இன்னொரு யோசனை. 1930-களின் பிற்பாதியில் வங்காளத்துச் சணல் பரப்பைக் கணக்கிடும்போது, ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் நம்பலாம். எட்டி நின்றால், வயலிலோ ஆளிலோ கோளாறு. பிழை எவ்வளவு என்பதையும் விடையோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அது. ஏழைகளைப் பற்றிய கணக்கில் பிழையை மறைக்கிற ஆசை எப்போதும் கொஞ்சம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1943-ல் பஞ்சம் வந்தது. கொல்கத்தா நடைபாதைகளில் கிராமங்கள் வந்து படுத்தன. கல்கத்தா பல்கலைக்கழக மானுடவியலாளர் தாரக் சந்திர தாஸ், அந்த அனாதரவான மக்களிடையே கணக்கெடுத்தார். 1949-ல் பல்கலைக்கழகம் அதை நூலாகப் போட்டது. மகலனோபிஸ், ராமகிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் மூவரும் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களில் நடத்திய மாதிரி ஆய்வு 1946-ல் வந்தது. அரசு விசாரணைக் குழு 1945-ல் சொன்ன சாவு எண்ணிக்கை சுமார் 15 லட்சம். சென் பின்னாளில் போட்ட கணக்கு 30 லட்சத்தை ஒட்டியது. நடுவில் தொங்குகிற 15 லட்சம் பேரில் குழந்தைகள் எத்தனை? பிறந்ததே பதிவாகாத பிள்ளை இறந்தது எந்த ஏட்டில் ஏறும்? பெயர்கூட வைக்காத வயதில் போன பிள்ளைகள் அவை.

அதே புள்ளியியல் நிறுவனம் 1950-களில் கொல்கத்தாவின் தெற்கோரத்தில் சர்சுனா, பரிஷா பகுதிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பல வருடம் அளந்தது. எஸ்.ஆர். தாஸ் என்பவரின் உழைப்பு. ஆறு மாதக் குழந்தை முதல் இருபது வயது வரையிலான வளர்ச்சியை வைத்து, அவரும் ஹௌஸ்பி, பிரீஸ், டேனர் ஆகியோரும் 1980-ல் எழுதிய கட்டுரையை வளர்ச்சி ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே பையனை அரைக்கால் டிரவுசரிலும் பார்த்து, மீசை முளைத்தபின்னும் அளக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. எங்கள் திட்டங்களுக்கு ஆயுள் மூன்று வருடம். சில சமயம் அதுவும் இல்லை.

இனி 41.6 என்ற எண்ணின் கதை. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில், அதாவது 2015-16-ல், மேற்கு வங்கத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 18 முடிவதற்குள் கல்யாணமானவர்கள் 41.6 சதவீதம். ஐந்தாம் சுற்றுக்காக 2019-ல் மறுபடி கேட்டார்கள். 41.6. தசமப்புள்ளிகூட அசையவில்லை. தமிழ்நாட்டில் அந்த இடைவெளியில் 16.3 என்பது 12.8 ஆகியிருந்தது. இத்தனைக்கும் இங்கே 2013-லேயே கன்யாஸ்ரீ திட்டம் வந்திருந்தது: படிக்கும் பெண்ணுக்கு வருடா வருடம் உதவித்தொகை, 18 வயதில் கல்யாணமாகாமல் படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் 25,000 ரூபாய். 2017-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சேவை விருது பெற்ற திட்டம்.

எண் வெளியானதும் ஒரு கட்சி திட்டம் தோற்றது என்றது. இன்னொரு கட்சி எண் தப்பு என்றது. இரண்டுக்கும் அவசரம். 2019-ல் 24 வயதான பெண், 2013-ல் ஏற்கெனவே 18-ஐ எட்டியவள். கன்யாஸ்ரீ அவளுக்கு உதவியிருக்கப் பெரும்பாலும் வழியில்லை. 20 வயதானவளுக்கு அப்போது 14, அவளுக்குக் கிடைத்திருக்கலாம். இந்தக் குறியீடு பின்னால் பார்க்கிற கண்ணாடி. முன்னால் போகும் சாலை அதில் தெரியாது. இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. அதற்காக எண்ணைக் கழித்துக் கட்டிவிடவும் மனம் வரவில்லை. பூர்வ மேதினிபூரைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு அதிகமான மாவட்டம், 87 சதவீதம். அதே மாவட்டத்தில் ஐந்தாம் சுற்றில் 18-க்குள் கல்யாணமானவர்கள் கணக்கு 57.6. படிப்பு ஏறினால் கல்யாண வயதும் ஏறும் என்ற நம் வாய்ப்பாடு அங்கே தடுக்கி விழுகிறது. குறியீடு தாமதமாக வருகிறது என்ற என் சமாதானம் 57.6-க்குப் போதாது.

ஐந்து வயதுக்குட்பட்டோரில் வளர்ச்சி குன்றியவர்கள் கணக்கு வேறு மாதிரி: இங்கே 32.5-லிருந்து 33.8. ஏறிவிட்டதே என்று பதறிய அதிகாரி ஒருவருக்கு, மாதிரி ஆய்வில் இந்த அளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவும் வரும் என்றேன். “அப்படியானால் இறங்கியிருந்தாலும் இதையே சொல்லியிருப்பீர்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. சொல்லியிருப்பேன், குரல் மட்டும் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

களத்திலிருந்து தாள் வந்ததும் நான் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை. உயரம் மில்லிமீட்டர் வரை எழுதப்பட வேண்டும். நிஜமாக அளந்திருந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். வெறும் 0, 5 என்று குவிந்தால் யாரோ கண்ணால் மதிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு மாவட்டத்திலிருந்து அப்படி ஒரு தாள் வந்தது. ஓர் அங்கன்வாடி மையத்தில் அத்தனை குழந்தைகளும் 74.0, 81.5, 79.0. அலுவலகத்தில் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை: ஏமாற்று வேலை, இல்லாவிட்டால் பயிற்சி போதவில்லை, மறுபயிற்சி கொடுங்கள். நானும் தலையாட்டினேன்.

போய்ப் பார்த்தபோது அந்த மையத்து ஊழியரான தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, ஐம்பது தாண்டியிருந்தது. ஒரு பக்கம் கிச்சுரி என்கிற கிச்சடி கொதித்துக்கொண்டிருந்தது, முட்டைகள் எண்ணி வைக்கப்பட்டிருந்தன, பதிவேடுகள் அடுக்கடுக்காக. குழந்தையின் தலையைப் பிடிப்பது எப்படி, முட்டியை அழுத்துவது எப்படி என்று எனக்கே பாடம் நடத்துமளவுக்குச் சுத்தமான கை. குழந்தை அழவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி, “எண்பத்தொன்றரை” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். 81.3.

“இந்தச் சின்னக் கோடெல்லாம் எனக்குத் தெரியாது தாதா. பெரிய கோடும் நடுக்கோடும்தான் தெரியும்” என்றார். (தாதா என்றால் இங்கே அண்ணன். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு தொழில்.)

வெள்ளெழுத்து. மூன்று பயிற்சி முகாம்களுக்கு வந்தவர் அவர். மூன்றிலும் யாரும் அவரைப் பார்த்து, கண் தெரிகிறதா என்று கேட்கவில்லை. திட்ட வரவுசெலவில் டேப்லெட்டுக்குத் தலைப்பு உண்டு, பயணப்படிக்கு உண்டு, பயிற்சிக்கு மதியச் சாப்பாட்டோடு உண்டு. மூக்குக்கண்ணாடிக்கு இல்லை. இரண்டு வாரம் கடிதம் எழுதிப் பார்த்து, கடைசியில் ‘அளவைக் கருவி – உதிரிபாகம்’ என்ற தலைப்பில் போட்டு வாங்கினோம். தணிக்கைக்காரர் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த மாதத் தாளில் 3 வந்தது, 7 வந்தது, இரண்டு 8, ஒரு 9.

(தொடரும்)