குடவோலையும் கால்பந்தும்

உத்திரமேரூர்த் தாலுகாவைச் சேர்ந்த ஒரு கிராமத்திலிருந்து வோட்டர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக் கொண்டிருப்பதால் அவரை வோட்டர் என்றே குறிப்பிடுவோம். வயது வந்த நாள் முதல் ஒரு தேர்தலையும் தவற விடாதவர் அவர். சென்ற முறை சாவடிக்குச் சென்று ‘நோட்டா’ என்னும் பித்தானை அழுத்தி வந்ததாகவும், இனி அதற்கும் போவதாக உத்தேசமில்லை என்றும் எழுதுகிறார். ராஜீய விஷயத்தில் உண்டான இந்தக் கசப்பு அவருக்குக் கால்பந்து விஷயத்திலும் உண்டாகியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ந் தேதி கோவாவில் இந்தியக் கோஷ்டி சிங்கப்பூரிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது. அன்றிரவோடு நம் நாட்டுக் கோஷ்டியின் ஆட்டத்தைப் பார்ப்பதையே விட்டு விட்டாராம். “ஆள்பவரையும் அசைக்க முடியவில்லை, ஆட்டத்தை நடத்துபவரையும் அசைக்க முடியவில்லை. இங்கிலாந்தைப் பாருங்கள், இரண்டிடத்திலும் தோற்றவன் மறுநாளே மூட்டை கட்டுகிறான்” என்பது அவர் கடிதத்தின் சாரம்.

இக்கடிதத்தை விரக்தியாளர் ஒருவரின் புலம்பலென்று ஒதுக்கி விட நமக்கு மனம் வரவில்லை. அவர் கூறும் இரண்டு நோய்க்கும் மூலம் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதற்கு அவர் நாடும் மருந்து சீமையிலிருந்து வர வேண்டியதில்லை. அவருடைய ஊர்க் கோயில் சுவரிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் சீமை விஷயத்தைக் கவனிப்போம். அங்கே பந்தும் பார்லிமெண்டும் அண்டை வீட்டார். 1970 ஜூன் 14ந் தேதி மெக்ஸிகோவில் இங்கிலாந்துக் கோஷ்டி இரண்டு கோல் முன்னணியில் இருந்தும் மேற்கு ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றது. நான்கு நாள் கழித்து நடந்த பொதுத் தேர்தலில், வெல்லுமென்று பலரும் எதிர்பார்த்திருந்த லேபர் கட்சி தோற்றது. மிஸ்டர் வில்சன் பிரதமர் பதவியை விட்டிறங்கினார். பந்தின் தோல்வியும் தங்கள் தோல்விக்கு ஒரு காரணமென்று அக்கட்சியாரிலேயே சிலர் கூறினர். மிக அண்மையில், 2024 ஜூலை 4ந் தேதி நடந்த தேர்தலில் கன்ஸர்வேடிவ் கட்சி வீழ்ந்தது. மறுநாளே மிஸ்டர் ரிஷி சுனக் விலகினார். அதற்குப் பத்து நாள் கழித்துப் பெர்லின் நகரில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் தோற்றது. இரண்டு நாளில் பயிற்சியாளர் மிஸ்டர் சவுத்கேட்டும் விலகினார். நமது வோட்டர் சொல்லும் மூட்டை கட்டுதல் உண்மையே.

ஆனால் அத்தேசத்து வோட்டர் அதனால் சந்தோஷமடைந்து விட்டாரா? 2016 முதல் 2024 வரை ஐந்து பிரதமர்கள் அப்பதவியை விட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் இருந்தது 49 நாள். 2024 தேர்தலில் வோட்டர்களில் நூற்றுக்கு 40 பேர் சாவடிப் பக்கமே போகவில்லை. போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் வோட்டைக் கொண்டு லேபர் கட்சி 650 ஸ்தானங்களில் 411ஐப் பெற்றது. போகிறவர் போகிறாரே ஒழிய, இருந்த காலத்தில் செய்தது இன்னதென்று கணக்கு ஒப்புவித்து விட்டுப் போகிறாரில்லை. அடுத்து வருபவர், ‘எல்லாம் முன்னவர் செய்த வினை’ என்று தொடங்குகிறார். விலகும் வழக்கம் நல்லதே, எனினும் அது பாதி மருந்துதான்.

நம் கால்பந்தின் கதையில் அந்தப் பாதியும் இல்லை. சுதந்திரமடைந்து ஓராண்டு நிரம்பு முன், 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய நம்மவர், இரண்டு பெனால்டி வாய்ப்புகளைத் தவற விட்டும் பிரான்சிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள். 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம் நமக்குக் கிடைத்தது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது ஸ்தானம். 1960க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியக் கோஷ்டி கால் வைக்கவேயில்லை. ஆட்டக்காரர் மாறினர், பயிற்சியாளர் மாறினர். மாறாதிருந்தது ஒன்று உண்டு.

1937இல் ஸ்தாபிதமான அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு 1988 முதல் 2022 வரை, 34 வருஷங்களில், தலைவர்கள் இருவரே. முதலில் ஸ்ரீ பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, பின்னர் ஸ்ரீ பிரபுல் படேல். இருவரும் மத்திய மந்திரிகளாக இருந்தவர்கள். அதே 34 வருஷங்களில் இத்தேசத்துக்குப் பிரதமராக இருந்தவர் ஒன்பது பேர், பிரிட்டனுக்கு ஏழு பேர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தேசத்தின் சிம்மாசனத்தைக் காட்டிலும் பந்துச் சங்கத்தின் நாற்காலி உறுதியாக இருந்தது!

2017இல் ஸ்ரீ படேலின் தேர்தல் செல்லாதென்று டெல்லி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்து, சங்கத்துக்குப் புதிய விதிகள் எழுதும்படி இருவரை நியமித்தது. அவர்களுள் ஒருவர் பழைய கால்பந்து வீரர். மற்றவர் தேசத்தின் பிரதமத் தேர்தல் கமிஷனராக இருந்த ஸ்ரீ குரைஷி. கோடிக்கணக்கான வோட்டர்களின் தேர்தலை நடத்தியவரை, சில டஜன் பேர் வோட்டளிக்கும் ஒரு சங்கத்தின் தேர்தலைச் செப்பனிட அழைக்க நேர்ந்தது என்றால் நிலைமையை நாம் விவரிக்க வேண்டுமா? 2020 டிசம்பரில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது, விதிகள் முடிவாகவில்லை என்ற சமாதானம் கூறப்பட்டது. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே நிர்வாகிகளை நீக்கி ஒரு கமிட்டியை நியமிக்க வேண்டியதாயிற்று.

அதன் பலன் யாது? வெளியார் தலையீடு என்று காரணங் கூறிச் சர்வதேசச் சங்கமான பீபா இந்தியாவை விலக்கி வைத்தது. சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய மறுநாட் காலையில் நம் ஜனங்கள் கண்ட செய்தி இது. ஆசியப் பந்தயத்துக்காகத் தாஷ்கெண்டு நகரம் வரை போய்ச் சேர்ந்து விட்ட கோகுலம் கேரளா பெண்கள் கோஷ்டி ஆடாமலே திரும்பியது. நாற்காலியில் இருந்தவர்கள் செய்ததற்கு அந்தப் பெண்கள் அபராதம் கட்டினார்கள். ஆகஸ்டு 26ந் தேதி தடை நீங்கியது, ஆனால் ஒரு விலைக்குத்தான். புகழ் பெற்ற ஆட்டக்காரர் 36 பேருக்கு வோட்டுரிமை அளிக்கும் ஏற்பாடு கைவிடப்பட்டது. செப்டம்பர் 2ந் தேதி நடந்த தேர்தலில், பல்லாண்டு இந்தியக் கோஷ்டிக்குத் தலைமை வகித்த பைசுங் பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே வோட்டு. எதிர்த்து நின்ற ஸ்ரீ கல்யாண் சௌபே 33 வோட்டுப் பெற்றார். இவரும் பழைய ஆட்டக்காரரே, பாரதிய ஜனதாக் கட்சியின் அபேட்சகராகத் தேர்தல்களில் நின்றவரும் ஆவார். ஆக, ஒரு கட்சியை மட்டும் குறை கூற இங்கே இடமில்லை.

புதிய விதிகளைச் சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்தது 2025 செப்டம்பரில். தேசத்தின் அரசியல் சட்டத்தை எழுத மூன்று வருஷத்துக்கும் குறைந்த காலம் பிடித்தது. ஒரு பந்துச் சங்கத்தின் சட்டத்துக்கு எட்டு வருஷம்! இதற்கிடையில் 2023 ஜூலையில் உலக வரிசையில் 99ஆம் இடத்திலிருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142ஆம் இடத்துக்கு இறங்கியது.

நிற்க. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் வருஷத்தது, மற்றொன்று 921ஆம் வருஷத்தது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, யாதுமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றுக்கு ஆள் நியமித்த முறை அவற்றில் சொல்லப்பட்டிருக்கிறது. குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். கையில் மறைக்க இடமில்லாதபடி சட்டம் செய்தவர்கள் மனித சுபாவத்தை நன்கறிந்தவர்கள்.

இதைக் காட்டி, ஜனநாயகம் நம் ஊரில் பிறந்தது என்று மேடைதோறும் முழங்குவோருடன் நாம் முற்றும் உடன்படவில்லை. அது வோட்டன்று, சீட்டு. அச்சபை பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ளவர்க்கே அதில் இடம். ஏரியின் தண்ணீரைக் கொண்டு உழுது பயிரிட்டவன் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. பெண்கள் பெயரும் அப்படியே. வயது வந்த அனைவருக்கும் வோட்டு என்பதைக் கொடுத்தது கல்வெட்டன்று, 1950ஆம் வருஷத்து அரசியல் சட்டம்.

ஆயினும் அச்சாசனத்தில் வேறொரு பகுதி இருக்கிறது. வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், சகோதரன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் ஆகிய ஒருவர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. இக்காலத்து ராஜீயக் குடும்பங்களை அறிந்த வாசகர்களுக்கு இவ்விதியின் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. இன்னும் ஒன்று: 919இல் செய்த விதி போதவில்லை என்று கண்டு இரண்டே வருஷத்தில் அதைத் திருத்தி, வயது வரம்பை 35 முதல் 70 வரை என்று மாற்றினார்கள். 2011ஆம் வருஷத்து விளையாட்டு நிர்வாக விதியும் 70 வயதையே எல்லையாகக் கொண்டது. ஆனால் 2025இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், சர்வதேசச் சங்கம் அனுமதித்தால் 75 வரை போட்டியிடலாமென்று தளர்த்தி விட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன் கட்டிய கரையை நாம் ஐந்து முழம் வெட்டி விட்டோம்!

1948இல் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ டி. பிரகாசம் இச்சாசனத்தை எடுத்துரைத்தார். 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்டு மாளிகைக்கு அஸ்திவாரக் கல் நாட்டியபோது பிரதமர் ஸ்ரீ மோதி, உறவினரைத் தடுக்கும் விதியையும் சேர்த்தே புகழ்ந்தார். புகழ்ந்ததெல்லாம் சரி. சட்டத்தில் அது எங்கே? 1951ஆம் வருஷத்து ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவு, தேர்தல் செலவுக் கணக்குத் தராதவரை மூன்று வருஷத்துக்கு விலக்கலாம் என்கிறது. பதவியைப் பிடிக்கச் செலவழித்ததற்குத்தான் இக்கணக்கு. பதவியில் இருந்து செய்ததற்குக் கணக்குத் தராவிட்டால் யாரையும் அது தடுப்பதில்லை.

கணக்கு இருக்கட்டும், குறித்த காலத்தில் தேர்தலாவது நடந்ததா? கல்வெட்டில் வாரியத்தின் ஆயுள் 360 நாள். அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்கு மேலில்லை, அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீட்டுத் தகராறு, வார்டு வரையறை, வழக்கு, வழக்கின் மேல் வழக்கு என்று போய், 27 ஜில்லாக்களின் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. ஜில்லாப் பிரிவினையைக் காரணமாகக் கூறிக் காஞ்சீபுரம் உள்ளிட்ட ஒன்பது ஜில்லாக்கள் அப்போதும் விடப்பட்டன. அங்கே தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். அதாவது, குடவோலையின் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஒரு பஞ்சாயத்தின் முழு ஆயுட்காலம், ஐந்து வருஷம், தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவருமின்றித் தனி அதிகாரிகளின் கையில் இருந்தன. ஏரி மதகு, தெரு விளக்கு, குடிநீர் எதற்கும் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. கால்பந்துச் சங்கம் தேர்தலைக் கடத்திய கால அளவைக் காட்டிலும் இது மூன்று மடங்குக்கு மேல். அதற்குத் தடை விதிக்க ஒரு பீபா இல்லை, அவ்வளவே.

நமது வோட்டர் சாவடிக்குப் போவதை நிறுத்தினால் இதில் எது திருந்தும்? தேர்தலையே நடத்தாமல் ஐந்து வருஷம் ஓட்டியவர்களுக்கு, வராத வோட்டரைப் போல் வசதியானவர் வேறொருவருமில்லை. அவர் மட்டுமன்றி அவ்வூர் வாலிபர்கள் அனைவரும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துக்களின் ஐந்து வருஷக் காலம் 2026 அக்டோபரோடு சரி. அத்தேதிக்கு முன் தேர்தல் உண்டா? வார்டு எல்லையும் ஒதுக்கீடும் அதற்குப் போதிய காலம் இருக்கும்போதே முடிவு செய்யப்படுமா? காலம் முடிந்து வெளியேறும் தலைவர் ஒவ்வொருவரும், கிராம சபை கூடிய இடத்தில், ஐந்து வருஷ வரவு செலவை வாய் விட்டுப் படிப்பாரா? வோட்டுக் கேட்டு வரும் அபேட்சகர் எக்கட்சியினராயினும், இம்மூன்றுக்கும் எழுத்து மூலம் பதில் வாங்கிக் கொண்டு பிறகு உள்ளே அழைத்து உட்கார வைக்கலாம்.