மலைகள் யாருக்கு?

கோடை பிறந்ததும் சமவெளி ஜனங்களின் கண்கள் மலைகளை நோக்கித் திரும்புவது இயல்பே. வெயிலில் உழைத்து வாடியவர்கள் நாலு நாள் குளிர்ந்த காற்றை நாடுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் மலைக்குச் சென்று நாம் செய்வதென்ன? மோட்டார் வண்டியில் ஏறுகிறோம். வண்டிக் கூட்டத்தில் சிக்கி நிற்கிறோம். கடைத்தெருவைச் சுற்றிவிட்டு இறங்குகிறோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் அனுமதிச் சீட்டு வேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நமது உல்லாசத்தின் லட்சணத்திற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இந்த வழக்கத்தை நாம் வெள்ளையரிடம் கற்றோம். 1819இல் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன் நீலகிரியில் கால் வைத்த பின், அம்மலை துரைமார்களின் வேட்டைக்களமாயிற்று. வரையாடுகள் துப்பாக்கிக்கு இரையாயின. புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நடப்பட்டன. சுயராஜ்யம் வந்த பின்னரும் மரம் நடும் இந்த வேலையை நமது சர்க்காரே தொடர்ந்து நடத்தியதை மறைப்பதில் பயனில்லை.

எஞ்சியதைக் காக்கவே 1990இல் முக்கூர்த்தி தேசியப் பூங்கா ஏற்பட்டது. அதன் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். தோடர்களுக்கு முக்கூர்த்திச் சிகரம் மறுவுலகின் வாசல். நமக்கோ அது தண்ணீரின் வாசல். அங்கே பிறக்கும் பைக்காரா, மோயாறாகிப் பவானியில் கலந்து காவிரியைச் சேருகிறது. மழைநீரைப் புல்வெளியும் சோலையும் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான் மழையற்ற மாதங்களிலும் ஓடைகள் வற்றுவதில்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மிஞ்சியுள்ள வரையாடுகள் 1,031. இத்தகைய இடத்தில் கூட்டம் கூடிக் கூச்சலிடுவது கேளிக்கையன்று, அபசாரம்.

அப்படியானால் மலையைப் பூட்டிவிடலாமா? 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து, 20க்கு மேற்பட்டோர் மாண்ட போது, பூட்டிவிடு என்ற குரல் எழுந்தது. நாம் அதற்கு உடன்படோம். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்தை மனிதன் ஓடி வெல்ல முடியாது. இதை மலைவாசிகள் நன்கு அறிவார்கள். ஆகவே வேண்டுவது பூட்டன்று. அறிந்தவர் துணையும், தீ மூளும் மாதங்களில் கட்டாய ஓய்வுமே.

2024 அக்டோபரில் சர்க்கார் 40 நடைபாதைகளைத் திறந்து, காட்டை ஒட்டி வாழும் வாலிபர்களையே வழிகாட்டிகளாக நியமித்ததை நாம் மனமார வரவேற்கிறோம். கோத்தகிரிக்கருகே லாங்வுட் சோலையின் நிழலில் நடந்து பறவைகளைக் கவனிக்கலாம். கரிக்கையூர்ப் பக்கம் சென்று பாறைகளில் நம் முன்னோர் தீட்டிய சித்திரங்களைக் காணலாம். தேகத்திற்கு உழைப்பு, அறிவுக்கு உணவு, மலைவாசிக்குக் கூலி ஆகிய மூன்றும் ஒரே நடையில் கிடைக்கின்றன.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று விதித்த கட்டணம் நகரத்தில் மாதச் சம்பளம் பெறுவோருக்குப் பெரிதல்ல. கிராமத்துப் பள்ளி மாணவனுக்கோ அது எட்டாத தொகை. துரைமார் இருந்த இடத்தில் பணக்காரர் வந்து அமர்வதற்காகவா நாம் சுதந்திரம் பெற்றோம்? பாதைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு கண்டிப்பாக இருக்கட்டும். ஆனால் அந்த வரம்புக்குள் ஏழை மாணவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிக் கட்டணமின்றி அழைத்துச் செல்லட்டும். மலையை நடந்து கண்ட பிள்ளையே நாளை அதைக் காக்க முன்வருவான். காணாத மலைக்காக எவனும் போராடமாட்டான்.