தாங்கி நிரம்பியதும் கணினி ஏன் உறங்கியது?

உள்ளங்கையில் அடங்கும் கணினி ஒன்று உண்டு. அதன் பெயர் ராஸ்பெரி பை. மாணவர்கள் குறைந்த செலவில் கணினியைக் கற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு, 2012 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. சாதாரண கணினியில் காணாத ஒன்று இதில் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 உலோக ஊசிகள் நிற்கின்றன. விளக்கு, மணி, ஆளி என்று எதையும் வயர் மூலம் இவற்றில் பொருத்தலாம்.

பாடசாலைக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து, தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மணி ஒலிக்கும் கருவியொன்றைச் செய்தோம். தாங்கிக்குப் பதில் ஒரு வாளி. அதற்குள் ஒரு மிதவை ஆளி. தண்ணீர் உயர்ந்தால் மிதவை உயரும், ஆளி மூடும். ஆனால் வாளி நிரம்பியபோது மணி ஒலிக்கவில்லை. திரை அணைந்தது. மீண்டும் மீண்டும் மின்னைக் கொடுத்தோம். கணினி எழும்பவே இல்லை. மறுநாள் வெறும் வாளியோடு பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் எழும்பியது. தண்ணீர் நிரப்பியதும் மீண்டும் அதே கதை.

மெமரி கார்ட் பழுது என்று முடிவு கட்டினோம். அதில் மென்பொருளை ஏற்றியவள் எங்களில் இளையவள். “நீதான் சரியாக ஏற்றவில்லை” என்று அவளைக் குற்றம் சொன்னோம். அவள் ஒன்றும் பேசாமல் இரண்டு முறை திரும்ப ஏற்றினாள். பலனில்லை. புதிய கார்ட் வாங்க வாப்பாவிடம் பணம் கேட்கவும் தயாராகிவிட்டேன்.

கடைசியில் எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு மின்னைக் கொடுத்துப் பார்த்தோம். பச்சை விளக்கு சிமிட்டியது. கணினி எழும்பியது. கார்டும் நலம், பலகையும் நலம். பிழை வயரில்தான்!

காரணம் இதுதான். ஒவ்வோர் ஊசிக்கும் இரண்டு இலக்கங்கள் இருக்கலாம். ஒன்று, அது நிற்கும் இடத்தின் இலக்கம். மற்றது, நிரலில் அதை அழைக்கும் ஜிபிஐஓ இலக்கம். ஜிபிஐஓ 4 என்பது 7 ஆவது இடத்தில் இருக்கிறது. நாங்களோ 4 ஆவது இடத்தில் வயரைச் செருகியிருந்தோம். அங்கே வருவது நேரடி 5 வோல்ற் மின். ஆளியின் மறு வயர் 6 ஆவது இடத்தில், அதாவது புவி ஊசியில் இருந்தது. ஆளி திறந்திருக்கும்வரை ஆபத்தில்லை. தண்ணீர் நிரம்பி ஆளி மூடியதும் 5 வோல்ற்றும் புவியும் நேராக இணைந்துவிடும். பௌதிகவியலில் நாம் படிக்கும் குறுஞ்சுற்று இதுவே. தடையே இல்லாத பாதையில் மின்னோட்டம் பாய, வோல்ற்றளவு சரிந்து, கணினி எழும்ப வலுவில்லாமல் போகிறது. ஒரு வயரை 4 இலிருந்து 7 க்கு மாற்றினோம். மணி ஒலித்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இத்தகைய கணினி எழும்பாவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் மின்னைத் துண்டியுங்கள். மின் இருக்கும்போது வயரைத் தொட வேண்டாம். வயர்கள் இருக்கும் நிலையைப் படம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கார்டும் சார்ஜரும் மட்டும் இருக்க மின்னைக் கொடுங்கள். அப்போதும் எழும்பாவிட்டால்தான் கார்டையும் சார்ஜரையும் சந்தேகிக்க வேண்டும். எழும்பினால், வயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் மின்னை நிறுத்திவிட்டே பொருத்துங்கள். எந்த வயரோடு கணினி மௌனமாகிறதோ, பிழை அங்கேதான்.

ஊசிகளை எண்ணும்போது முதலாவது ஊசியைச் சரியாக இனங்காணுங்கள். பலகையின் அடிப்பக்கத்தில் அதன் ஈயப்பற்று மட்டும் சதுரமாக இருக்கும். 1, 17 ஆம் இடங்களில் 3.3 வோல்ற்றும், 2, 4 ஆம் இடங்களில் 5 வோல்ற்றும் உண்டு. புவி ஊசிகள் எட்டு: 6, 9, 14, 20, 25, 30, 34, 39. 27, 28 ஆம் ஊசிகளை விட்டுவிடுங்கள். மேலே பொருத்தும் துணைப் பலகைகளை அடையாளங்காண, எழும்பும் வேளையில் கணினி பயன்படுத்தும் ஊசிகள் அவை.

இன்னொன்றும் உண்டு. ஜிபிஐஓ ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ற் மட்டுமே. 5 வோல்ற் தரும் உணரியை நேரே பொருத்தினால் பலகை நிரந்தரமாகப் பழுதாகலாம். இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகள் இரண்டைத் தொடராக இட்டு, 2 கிலோ ஓம் தடையின் மறுமுனையைப் புவியோடு இணைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து வயரை எடுத்தால் ஏறக்குறைய 3.3 வோல்ற்தான் ஊசிக்கு வரும்.

எங்கள் கருவி கண்காட்சியில் நன்றாக வேலை செய்தது. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. தீர விசாரிக்காமல் பழி போடக் கூடாது என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். 4 ஆவது இடத்தில் அந்த வயரைச் செருகியது நான்தான். அதை அவளிடம் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, “அடுத்த முறை முதலில் வயரைக் கழற்றுங்க தாத்தா” என்றாள்.