சவரக் கத்திக்கு ஒரு கல்

அரிவாள்மணை மழுங்கிப்போனால் வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். வாழைக்காய் நறுக்கும்போது சமையலறையிலிருந்து எழும் முணுமுணுப்பே போதும். சவரக் கத்தி மழுங்கினாலோ அந்தக் கஷ்டம் ஒரே ஒருவருடைய கன்னத்தோடு நின்றுவிடுகிறது. ஆகையினால்தான் அதைத் தீட்டும் கல்லைப் பற்றி எவரும் அதிகமாகப் பேசுவதில்லை போலும்!

சில மாதங்களுக்கு முன்பு வரையில் நானும் அதைப் பற்றி நினைத்தவனல்ல. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பாட்டனாரின் தகரப் பெட்டி ஒன்று கீழே இறங்கிற்று. அதனுள் பழைய கடிதங்களுக்கு அடியில் மடக்குச் சவரக் கத்தி ஒன்று கிடந்தது. கறுத்த கொம்புப் பிடி. அலகின் அடியில் 'ஷெபீல்டு' என்ற எழுத்து. இங்கிலாந்தில் ஷெபீல்டும் ஜெர்மனியில் ஜோலிங்கனும் கத்திக்குப் பெயர்போன ஊர்கள். துரு அதிகமில்லை; ஆனால் தாளைக்கூட அறுக்காத மழுக்கல்.

அன்றே தெருவில் சாணை பிடிப்பவரின் குரல் கேட்டது. கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து, "தம்பி, நில்லுங்க!" என்று ஓர் அதட்டல் வந்தது. தாம்பரத்தில் நாற்பது வருஷம் சலூன் நடத்தி ஓய்வுபெற்ற பெரியவர் அவர்.

"அது அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் பிடிக்கிற சாணை. இந்த அலகு ஓலை மாதிரி. சக்கரத்திலே வைத்தால் ஒரு நிமிஷத்திலே சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் எந்தக் கல்லாலும் அதற்கு உயிர் வராது. நல்ல கல்லாக ஒன்று வாங்குங்கள், தீட்டுகிற விதத்தை நான் சொல்லித் தருகிறேன்" என்றார்.

பெரியவர் சொன்னதில் மிகை ஏதுமில்லை. சவரக் கத்தியின் எஃகு காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கப்பட்டது. அலகின் இரு புறமும் குழிவாகக் கடையப்பட்டு, விளிம்பு மிகவும் மெல்லியதாக இருக்கிறது. சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேறினால் நீல நிறம் படர்ந்து அதன் கடினம் இளகிவிடும். இவ்வளவு மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டை எட்ட அதிக நேரமாகாது. ஆகவே சவரக் கத்தியைச் சக்கரத்தில் கொடுக்கவே கூடாது. தட்டைக் கல்லில் நீர் தெளித்து, கையால்தான் தீட்ட வேண்டும்.

சந்தையில் தேடினோம்

கல் எங்கே கிடைக்கும்? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பார்கள். நானும் பெரியவரும் புறப்பட்டோம்.

கூரான ஆயுதம் தேடுவதற்குப் பல்லாவரத்தைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவிலேயே கிடையாது என்று சொல்லலாம். 1863-ம் வருஷம் மே மாதத்தில், இந்திய மண்ணியல் ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் இந்த ஊரின் சரளை மண்ணிலிருந்துதான் ஆதி மனிதனின் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். பாரத நாட்டின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்து ஆரம்பமாயிற்று. அந்த மனிதனுக்குக் கல்லே கத்தி; நமக்குக் கல் கத்தியின் குரு.

சந்தையில் ரம்பங்கள், உளிகள், பூட்டுகள், கைப்பிடி போன சுத்தியல்கள் ஆகியவற்றின் நடுவே மூன்று கற்கள் அகப்பட்டன. முதற் கல் எண்ணெய் ஊறிக் கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து, அம்மிக்குத் தம்பி போல இருந்தது. இரண்டாவது கல் பார்க்க அழகாக இருந்தது. பெரியவர் அதை விரலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினார்; 'டொக்' என்று செத்த ஒலி எழுந்தது. "உள்ளே விரிசல்" என்று கீழே வைத்துவிட்டார். மூன்றாவது புதுக் கல். ஒரு முகம் சொரசொரப்பு, மறு முகம் சற்று மென்மை. "இது உளிக்கும் காய்கறிக் கத்திக்கும் ரொம்ப நல்லது. சவரக் கத்திக்குச் சத்துரு" என்றார். கடைக்காரர், "சார், இதிலே தீட்டினால் முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்" என்று சாதித்தார். கண்ணாடி ஆகுமோ இல்லையோ, ரத்தம் வருவது நிச்சயம் என்று பெரியவர் என் காதில் சொன்னார்.

வெறுங்கையோடு திரும்பினோம். ஆயினும் கல்லைச் சோதிக்கும் வழி எனக்குக் கிடைத்துவிட்டது. முகம் சமதளமாக இருக்கிறதா, தட்டினால் நல்ல ஒலி வருகிறதா, கட்டைவிரலால் தடவினால் ஒரே சீரான மென்மையா அல்லது நடுவில் ஒரு முரட்டு மணல் தடுக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு முரட்டு மணல் போதும், ஒரு மணி நேர உழைப்பைக் கெடுப்பதற்கு. எட்டங்குல நீளமும் இரண்டரை அல்லது மூன்றங்குல அகலமும் இருந்தால் சௌகரியம்.

பெயர் நம்முடையது

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கனிமங்களில் ஒன்றை உலகெங்கும் 'கொரண்டம்' என்று அழைக்கிறார்கள். அது நம் தமிழ்ச் சொல்லான 'குருந்தம்'தான். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி விரிவாக எழுதினார். நாமக்கல் பகுதியில், பரமத்தி வேலூருக்கு அருகேயுள்ள சித்தம்பூண்டி வட்டாரத்தில் அந்தக் கல் இன்றும் மண்ணில் இருக்கிறது. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்யும் வித்தை நம் நாட்டுக் கைவினைஞர்களுக்குப் பழமையானது. பனையேறும் தொழிலாளிகளோ, வெண்கல் பொடியை மரப் பலகையில் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டினார்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது' என்ற பழமொழி வெறும் கற்பனையில் பிறந்ததல்ல.

கதை இத்துடன் முடியவில்லை. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செஸன் களிமண்ணையும் கரியையும் மின்சார வெப்பத்தில் காய்ச்சியபோது, பளபளக்கும் புதுப் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணிக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். அது உண்மையில் சிலிகானும் கார்பனும் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்தது. ஆனால் பெயரில் ஒட்டிக்கொண்ட தமிழ் போகவில்லை! 1954-ல் முருகப்பா குழுமத்தினர் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்ஸல் கம்பெனியை ஆரம்பித்தார்கள். நம் மண்ணிலிருந்து கடல் கடந்து போன சொல், திருவொற்றியூர்த் தொழிற்சாலையின் வாசற்பலகையாகத் திரும்பி வந்தது.

சவரக் கத்திக்கென்றே புகழ்பெற்ற இயற்கைக் கற்கள் அயல்நாடுகளில் உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல், நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்தது. ஜப்பானில் கியோட்டோவைச் சுற்றிய மலைகளில் வெட்டியெடுத்த கற்களை ரத்தினம் போல மதிப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அர்க்கன்ஸாஸ் கல்லுக்கு 'நோவாகுலைட்' என்று பெயர். லத்தீனில் சவரக் கத்தி என்பதிலிருந்து வந்தது. இவையெல்லாம் உயர்ந்தவையே, விலையும் உயர்ந்ததே. புதிதாகப் பழகுகிறவர் இவற்றை வாங்குவது, நீந்தக் கற்கும் முன் கப்பல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

எந்தக் கல், எத்தனை?

பாரிமுனைப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் விசாரித்து, கடைசியில் ஒரு முகம் 1000, மறு முகம் 6000 என்று எண்ணிட்ட செயற்கைக் கல் ஒன்றை வாங்கினேன். எண் ஏற ஏறக் கல்லின் மணல் நுண்மையாகும். 1000 எண் கல்லின் மணல் ஏறக்குறைய 15 மைக்ரான். 6000-ல் இரண்டு மூன்று மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜப்பானிய எண்ணும் அமெரிக்க எண்ணும் ஒன்றல்லவாதலால், எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்டு வாங்குவது நல்லது. அதன்மேல் மெருகுக்கு 12000 எண் கல் ஒன்று இருந்தால் உத்தமம். அதற்குப் பணம் போதாதவர்கள், பசுமை நிறக் குரோமியம் ஆக்ஸைடு பூசிய தோல்வாரைக் கொண்டு சமாளிக்கலாம்.

புதுக் கல்லானாலும் சமதளம் என்று நம்பக் கூடாது. பென்ஸிலால் கல்லின் மேல் கட்டங்கள் வரையுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, நீர் தெளித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். கோடுகள் எல்லாம் ஒருசேர மறைந்தால் கல் சமம். நடுவில் மட்டும் கோடு எஞ்சினால் அங்கே பள்ளம். மேலும் தேய்க்க வேண்டும்.

தீட்டும் முறை, பார்ப்பதற்கு எளிது. கத்தியின் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படிய வேண்டும்; முதுகைத் தூக்கவே கூடாது. கத்தி செய்தவர் கோணத்தை முதுகின் தடிப்பிலேயே வைத்துவிட்டார். நாம் அதைக் கெடுக்காமலிருந்தால் போதும். வாய் முன்னே செல்லத் தள்ளி, கோடியில் முதுகின்மேல் புரட்டி, திருப்பி இழுக்க வேண்டும். அழுத்தம், கத்தியின் எடையைவிடச் சற்றே அதிகம். கடைசியில் அதுவும் வேண்டாம். வாய் சிதைந்த கத்திக்குத்தான் 1000 எண். பிறகு நுண்ணிய கல். அப்புறம் தோல்வாரில் முதுகு முன்னே செல்ல ஐம்பது முறை. தோல்வாரில் வாயை முன்னே விட்டால் வாரும் அறுந்துபோகும், கூரும் போய்விடும்.

கல் அறியாத கை

முதல் நாள் நான் இரண்டு மணி நேரம் தீட்டினேன். கத்தி வெண்ணெயைக்கூட யோசித்துத்தான் வெட்டியது. பெரியவர் அதை வாங்கினார். பத்து நிமிஷம் கல்லும் கத்தியும் பேசுவது போல ஒரு மெல்லிய ஒலி. பிறகு என் முன்கையில் வைத்தார். தோலில் படாமலே மயிர் உதிர்ந்தது.

"உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தேவைப்படவில்லையே, தம்பி" என்றார்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய குழுவினரும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் புகுந்துவிட்டதைச் சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அதன் பின்னர் ஒருவர் முகத்தில் பட்ட அலகை மற்றொருவர் முகத்தில் வைக்கும் பழக்கம் மறையத் தொடங்கிற்று. இன்று சலூன்களில் ஆளுக்கு ஆள் புதுப் பிளேடைச் செருகுகிறார்கள். அது மிகவும் நியாயம். அதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் அடைப்பத்தில் கல்லும் வாரும் வைத்திருந்த கைகளின் வித்தை, வீட்டில் ஒருவர் தமக்கென்றே வைத்துக்கொள்ளும் கத்தியில்தான் இனி உயிரோடிருக்க முடியும். அந்த வித்தையை அறிந்தவர்களை நாம் எத்தனை தலைமுறையாகத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவைத்தோம் என்பதும் நினைவுக்கு வராமலில்லை.

காந்தியடிகள் பிரிடோரியாவில் இருந்தபோது வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். முகக்ஷவரம் செய்துகொள்ள அடிகள் சீமையிலேயே பழகியிருந்தார். இப்போது கத்தரிக்கும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே தலைமுடியையும் வெட்டிக்கொண்டார். கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். அவரோ அந்த நாவிதரைக் குற்றம் சொல்லவில்லை. நம் ஊரில் ஹரிஜனங்களுக்கு முடி வெட்ட நாம் நாவிதரை விடுகிறோமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதும், பிறர் தொழிலை மதிப்பதும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் கல் நனைகிறது. பெரியவர் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். கத்தியின் முதுகு தூங்கினால் சும்மா இருக்கிறார், எழுந்தால் அதட்டுகிறார். என் கன்னத்தில் காயங்கள் குறைந்து வருகின்றன. சென்ற வாரம் என் மனைவி அரிவாள்மணையைக் கொண்டுவந்து வைத்து, "இதற்கும் கொஞ்சம் கவனிப்பு உண்டா?" என்று கேட்டாள். கல் வாங்கியதன் பயன் அன்றைக்குத்தான் வீட்டில் அங்கீகாரம் பெற்றது.