சுரங்கத்தில் வெளிச்சம் போதுமா என்று யார் சொல்வது?

நிலக்கரி தன்மேல் விழும் ஒளியில் நான்கைந்து சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கிவிடும். அதனால் விளக்கின் திறனைவிட, கூரையும் பக்கச் சுவரும் கண்ணுக்கு எவ்வளவு தெரிகின்றன என்பதே சுரங்கத்தில் பெரிய விஷயம். 1968இல் அமெரிக்காவின் ஃபார்மிங்டன் நிலக்கரிச் சுரங்க வெடிப்பு 78 பேரைப் பலிகொண்டது. மறு ஆண்டே அந்நாடு கொண்டுவந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வெளிச்சத்துக்கும் தரம் வகுக்கச் சொன்னது. 1976இல் வந்த விதி, தொழிலாளியின் பார்வையில் படும் பரப்புகளின் பிரகாசம் 0.06 ஃபுட்லாம்பர்ட்டுக்குக் குறையக்கூடாது என்றது. தாராளம் என்று சொல்லிவிட முடியாத அளவு. இப்போது அங்கே காற்று மறுபக்கம் வீசுகிறது. 2025 ஜூலையில் தொழிலாளர் துறை முன்வைத்த விதித் தளர்வுகளில், கட்டுமான வேலைக்கான வெளிச்ச அளவுகளை நீக்குவதும் ஒன்று. சுரங்கப்பாதை தோண்டும் முனையில் 10 ஃபுட்கேண்டில் வெளிச்சம் வேண்டும் என்பதும் நீக்கச் சொல்லும் அந்த விதியில்தான் இருக்கிறது.

நிலக்கரிச் சுரங்க விதியில் எண்ணைத் தொடாமல் அளவீட்டை மட்டும் தளர்த்தினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும் என்பதுதான் சிக்கலே. மங்கிய இடத்தில் நெடுநேரம் நின்றவருக்கு அதுவே போதுமென்று தோன்றும், மேலாளருக்கும் அப்படித்தான். பிரிட்டனில் மங்கிய பாதுகாப்பு விளக்கோடு உழைத்த சுரங்கத் தொழிலாளர்களின் கண்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. காரணம் என்னவென்று மருத்துவர்கள் பல்லாண்டு வாதாடிய பிறகே, 1922இல் ஆய்வுக் குழு வெளிச்சக் குறைவைச் சுட்டியது. கண்ணை விட்டு, விளக்குக்குத் தரும் ஆய்வுக்கூடச் சான்றை நம்பலாமென்றால், அதுவும் ஓரளவுக்குத்தான் உதவும். அங்கே பளிச்சென்று எரிந்த விளக்கின் கண்ணாடியில் ஒரு ஷிஃப்ட் முடிவதற்குள் கரித்தூள் அப்பிக்கொள்கிறது.

தளர்வு கேட்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய அளவீட்டு முறையை எல்இடி காலத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது முதலாளிக்கு வீண் செலவு, ஆய்வாளருக்கு வீண் வேலை. அதிக ஒளியால் வரும் கண்கூச்சமும் ஆபத்தே என்பதும் உண்மை. ஆனால் அப்படியானால் அதையும் சேர்த்தல்லவா அளக்க வேண்டும்? எண்ணே வேண்டாம், விபத்து நடந்தால் பொதுவான பாதுகாப்புக் கடமையின்கீழ் தண்டிக்கலாமே என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எண் இருந்தால், கூரை விழுவதற்கு முன்பே ஆய்வாளர் வேலையை நிறுத்தலாம். எண் இல்லையென்றால், இருட்டாக இருந்தது என்று நிரூபிக்கும் சுமை அடிபட்டவர் தலையில் விழும். புதிய விதி பழைய விதி தந்த பாதுகாப்பைக் குறைக்கக்கூடாது என்று அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே சொல்கிறது. ஆகவே கருவியை மாற்றட்டும், முறையை எளிதாக்கட்டும். வேலை நடக்கும் முகப்பில், தூசி படிந்த விளக்கோடு எடுத்த அளவு பதிவேட்டில் இருக்க வேண்டும்.